ஆடாம நில்லுங்க

முள்ளிக்குடிக்காரர்களை எந்த ஊர்ச் சந்தையில் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம், அவர்களுக்கு நேராக நடக்க வராது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் இடதுபக்கம் ரெண்டு எட்டு ஒதுங்குவார்கள், ரேஷன் கடை வாசலில் தோளைச் சாய்த்துக்கொள்வார்கள், சலூனுக்கும் உரக்கடைக்கும் நடுவில் போகும்போது வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர்வார்கள், எல்லாம் வெறும் வெட்டவெளியில், எதிரே ஈ காக்கா இல்லாத இடத்தில். பெண் கொடுக்க வந்த வெளியூர்க்காரர்கள், மாப்பிள்ளை காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்துபோன கதை ஒன்றுக்கு மூன்று உண்டு. குடியும் இல்லை, கிறுக்கும் இல்லை. சொந்த ஊரில் அங்கங்கே கண்ணுக்குத் தெரியாமல் ஆள் நிற்கிறது, இடித்துவிடக் கூடாதே என்று ஒதுங்கி ஒதுங்கிப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அப்படி நிற்கிற ஆட்களை அந்த ஊரில் நிப்பு என்பார்கள். அத்தனை நிப்பையும் நிற்க வைத்தவர் குருபாதம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பத்தொன்பது வருசம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்தவர், நல்ல மனுசன், ஒருத்தர் வம்புதும்புக்குப் போகாதவர், ஆனால் வாயைத் திறந்தால் ரெண்டே வார்த்தைதான் வரும்: ஆடாதீங்க, சிரிக்காதீங்க. ஊரில் பாதிப்பேர் அரசாங்கத்துக்குக் கொடுத்த முகமெல்லாம் குருபாதம் அதட்டிய முகம்தான். செல்போன் வந்து ஸ்டுடியோ படுத்துவிட்ட நேரத்தில், துணி தைத்து விற்கிற பெரிய கம்பெனி ஒன்று, பெயர் எதற்கு, வெள்ளைக்காரன் உடம்புக்கு வெட்டின சட்டை நம் ஆட்களுக்குத் தோளில் தொங்குகிறது வயிற்றில் பிடிக்கிறது என்று கண்டுபிடித்து, நம்ம ஊர் உடம்புக்கென்று ஒரு அளவு எடுக்கக் கிளம்பியது. முள்ளிக்குடிக்கு ஆயிரம் உடம்பு என்று எழுதி, அந்த வேலையைக் குருபாதத்திடம் கொடுத்து, கையில் ஒரு கருவியையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கருவி இஸ்திரிப்பெட்டி அளவில் இருக்கும், கைப்பிடியும் அதே மாதிரி. முன்பக்கம் மூன்று கண். நடுக்கண் விட்டுவிட்டு வெள்ளை வெளிச்சம் அடிக்கும், ஓரத்துக் கண் ரெண்டும் உடம்பில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும், குருபாதம் அதைப் பிடித்துக்கொண்டு ஆளைச் சுற்றிச் சுற்றி, பாதத்தில் ஆரம்பித்து உச்சி வரைக்கும் வந்தால், லேப்டாப்பில் அந்த ஆள் சாம்பல் நிறப் பொம்மையாக எழும்பி நிற்பார், முன்பக்கம் பின்பக்கம் எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். ஒரு ஆளுக்கு மூன்று நிமிசம். அந்த மூன்று நிமிசமும் கையை உடம்பில் ஒட்டாமல் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டு, வாயை மூடி, மரமாக நிற்க வேண்டும். அசைந்தால் போச்சு, பொம்மைக்கு ரெண்டு வாய் முளைக்கும், கன்னம் மூன்றாகும், அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொரு சங்கடம், அந்தக் கருவிக்குக் கருப்பு தெரியாது. கருப்பு முடியில் விழுந்த வெளிச்சம் திரும்பி வராது, எல்லாருக்கும் மண்டை பாதியில் காணாமல் போகும். அதற்குத்தான் பூங்கனி. குருபாதத்தின் பெண்சாதி. பொம்பளைகளை அளவெடுக்க ஒரு பொம்பளை கூட இருந்தால்தான் நடக்கும் என்று முதலில் துணைக்குப் போனாள், பிறகு அவள் இல்லாமல் வேலையே ஓடாது என்று ஆயிற்று. ஒரு கையில் பவுடர் டின், எதிரே யார் வந்தாலும் சரி, கலெக்டராபீஸ் கிளார்க்கானாலும் கட்டட வேலைக்காரரானாலும் தலையைக் குனியச் சொல்லி, பவுடரைக் கொட்டி, நாலு விரலையும் முன்நெற்றியில் ஊன்றிப் பிடரிவரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்துவிடுவாள். இளந்தாரிகளெல்லாம் நரைத்துப்போய் நிற்பார்கள். அவள் சும்மாவும் இருக்கமாட்டாள், காதோரம் குனிந்து என்னத்தையாவது சொல்லிவைப்பாள், நிற்கிற ஆள் குலுங்கிவிடும்.

"ஏட்டி, சிரிக்க வைக்காத. மூணு நிமிசம் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரேன்" என்பார் குருபாதம்.

"நான் ஒண்ணும் சொல்லல. பவுடரு கூசுதாம் அவாளுக்கு" என்பாள் பூங்கனி.

முதல் வாரத்திலேயே விசயம் தெரிந்துவிட்டது. டீக்கடை முன்னால் அளவு கொடுத்த டீக்கடைக்காரர் மறுநாள் காலையில் பால் தூக்குவாளியோடு வெளியே வந்தவர், ஒன்றுமில்லாத இடத்தில் நெற்றியில் மடாரென்று இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கையை நீட்டித் தடவினால் மூக்கு. கீழே தடவினால் தன்னுடைய தொந்தி. கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் சுவர் மாதிரி நிற்கிறது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்லவேள, கடைக்கு வடக்க நிக்கேன். தெக்க நின்னிருந்தா அடுப்புக்குப் போக வழியில்ல" என்று சொல்லி, தன் நிப்பின் அகட்டின கையில் டீ வடிகட்டுகிற துணியைக் காயப்போட்டார். பகல் பன்னிரண்டு மணிக்குள் ஊர் முழுக்க அவரவர் தாங்கள் நின்ற இடத்துக்குப் போய்த் தங்களைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து சோறு சாப்பிட்டார்கள்.

இதைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள் உடனே, எப்படி, ஏன் என்பார்கள். முள்ளிக்குடியில் அதை யாரும் கேட்கவில்லை. குருபாதம் மட்டும் கடமைக்குக் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டார், அளவெடுத்தபின் ஆட்கள் மிஞ்சுவதற்குத் தங்கள் நிறுவனம் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. ஊருக்கு வேறு கவலைகள் இருந்தன. முக்கு ரோட்டில் நின்ற லைன்மேனின் நிப்பில் ஷேர் ஆட்டோ மூன்று தடவை மோதியபிறகு, குருபாதம் லேப்டாப்பில் அந்தப் பொம்மையை அழித்துப் பார்த்தார், நிப்பு போய்விட்டது. ஓகோ, அங்கே அழித்தால் இங்கே இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். அதன்பிறகு கூட்டம் போட்டு, இனி ரோட்டில் யாரையும் அளவெடுக்கக் கூடாது, அவரவர் விருப்பப்பட்ட இடத்தில் நிற்கலாம், ஆனால் அடுத்தவர் வாசலை மறைக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். குடையைத் தொங்கவிட்டது, மாட்டைக் கட்டியது, பார்க்காத நேரத்தில் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனது என்று சண்டைகள் வந்து, கடைசியில் ஒரு வழக்கம் உண்டாயிற்று: ஒருத்தர் நிப்பைத் தொட வேண்டுமென்றால் அந்த ஆளிடம், "தொட்டுக்கிடட்டா?" என்று கேட்க வேண்டும், "தொட்டுக்கோ" என்ற பிறகுதான் கை வைக்க வேண்டும். ஆள் ஊரில் இல்லையென்றால் அந்த வீட்டாளிடம் கேட்க வேண்டும். மாடத்தியின் மகன் சவுதிக்குப் போனபிறகு அவனோடு படித்த பையன்கள் வந்து, "பெரியம்ம, தொட்டுக்கிடட்டா?" என்று கேட்கும்போதெல்லாம் அவள் கூடவே எழுந்து போய்த் தானும் ஒரு தரம் தொட்டுவிட்டு வருவாள்.

ஐப்பசி மழையில்தான் அவற்றைக் கண்ணால் பார்த்தார்கள். மழை விழுந்ததும் நிப்புகளின்மேல் தண்ணீர் வழிந்து, தலை, தோள், அகட்டின கை என்று ஊரெங்கும் தண்ணீராலேயே ஆன ஆட்கள் தெரிந்தார்கள், ஓடுகிற தண்ணீரானபடியால் அத்தனை பேரும் நின்ற இடத்தில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் முகம் வைத்துக்கொண்டு ஊரே பார்த்தது. மழை விட்டதும் போய்விட்டார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆயிரமாவது நிப்பை. அது அந்த மழைக்கெல்லாம் முந்தி, ஆனி மாசக் கடைசியில் நடந்தது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் முடிந்து ஒரே ஒரு ஆள் குறைகிறது, பதினோரு மணிக்குக் கம்பெனி வேன் வந்து அளவுகளை வாங்கிக்கொண்டு போகும், மணி பத்தே கால். குருபாதம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏன், நான் ஆளில்லையா?" என்று கேட்டாள் பூங்கனி.

நாலு வீட்டுக்குப் பொதுவான வளவு அது, நடுவில் தண்ணீர்க் குழாய், குழாய் பக்கத்தில் துவைக்கிற கல். கல்லை ஒட்டிப் பக்கத்து வீட்டுச் சொர்ணத்தின் நிப்பு ஏற்கெனவே நின்றது. அதற்கு மூன்றடி தள்ளிப் போய் நின்றுகொண்டு, "சொர்ணக்கா பக்கத்துலயே நிக்கேன். பேச்சுத்துணைக்கு ஆச்சு" என்றாள் பூங்கனி. பிறகு டின்னை அவர் கையில் கொடுத்து, "ஊருக்கெல்லாம் நான் போட்டேன். எனக்கு நீங்க போட்டுவிடுங்க" என்றாள்.

கல்யாணமாகிப் பதினாறு வருசத்தில் அவர் அவள் தலையைத் தொட்டதெல்லாம் எத்தனை தடவை இருக்கும். குருபாதம் பவுடரைக் கவிழ்த்து, உள்ளங்கையால் தட்தட்டென்று நாலு தட்டு தட்டிவிட்டு, கருவியைத் தூக்கினார். அவள் சிரித்துவிட்டாள். அழித்தார். இரண்டாம் தடவை இடுப்புவரை வந்தபோது மறுபடி சிரித்தாள், வயிறு குலுங்கி இரண்டாகத் தெரிந்தது. அழித்தார். மூன்றாம் தடவை கழுத்துவரை வந்துவிட்டது, இன்னும் முகம்தான் பாக்கி, அவள் உதட்டை மடித்து மூச்சை அடக்கித் தாங்கமுடியாமல் பொத்துக்கொண்டு சிரித்தாள், தோளெல்லாம் ஆடியது.

"ஒனக்கு எல்லாம் வெளையாட்டுத்தான். ஒரு நிமிசம் மனுசி மாதிரி நிக்கத் தெரியுதா. எந்த நேரம் எதுக்குச் சிரிக்கதுன்னு ஒரு இது வேண்டாம்? ஆடாம நில்லு" என்றார் குருபாதம். சொர்ணம் துவைத்துக்கொண்டிருந்தாள், எதிர்வீட்டில் ஆள் இருந்தது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னார்.

நாலாவது தடவை பூங்கனி ஆடாமல் நின்றாள். மூன்று நிமிசமும் கண் இமையைத் தவிர எதுவும் அசையவில்லை. பொம்மை ஒரு பிசிறில்லாமல் எழும்பியது. "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா" என்று சொல்லிக்கொண்டே அவர் லேப்டாப்பை மூடினார். அவள் முந்தானையால் தலையைத் தட்டிக்கொண்டு, உலை கொதித்துவிட்டது என்று உள்ளே போனாள். வேன் பதினொன்றே முக்காலுக்குத்தான் வந்தது.

தை மாசத்தில் பூங்கனிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் இல்லை. இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் கிடையாது.

பதினாறாம் நாள் விசேசம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போனபிறகு குருபாதம் குழாயடிக்குப் போனார். அதுவரைக்கும் அவர் அந்த நிப்பைத் தொட்டதேயில்லை, கூடவே இருக்கிற பெண்சாதியை எதற்குத் தடவிப் பார்க்க வேண்டும் என்று இருந்துவிட்டார். இப்போது யாரிடம் கேட்பது என்று ஒரு கணம் தயங்கினார், வீட்டாள் அவர்தான், அவரே அவருக்குச் சொல்லிக்கொண்டு தொட்டார். தோள் இருந்தது. கழுத்தில் சங்கிலியின் முடிச்சுவரைக்கும் இருந்தது. முகத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. புருவம் ரெண்டுக்கும் நடுவில் ஒரு மடிப்பு. கீழுதடு உள்ளே இழுபட்டுப் பல்லுக்கடியில் இருந்தது. அது சிரிப்பை அடக்குகிற வாய் இல்லை, அவருக்கு அந்த வித்தியாசம் விரலிலேயே தெரிந்தது. நாலுபேர் முன்னால் திட்டு வாங்கின முகம். லேப்டாப்பில் சாம்பல் நிறத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தபோது அளவு சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தாரே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை. பதினாறு வருசமாகச் சிரித்துக்கொண்டே இருந்தவளை, அவள் சிரிக்காத அந்த மூன்று நிமிசத்தில் பிடித்து நிறுத்தி வைத்துவிட்டோமே என்று கையை எடுத்துக்கொண்டார்.

ஊர் வந்தது. ஒவ்வொருவராக, "அண்ணாச்சி, பூங்கனியத் தொட்டுக்கிடட்டா?" என்று கேட்பார்கள், "தொட்டுக்கோங்க" என்பார், தொட்டுவிட்டுப் பேசாமல் போவார்கள். மாடத்திதான் வாய்விட்டுச் சொன்னாள்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி. இது பூங்கனி மாதிரியே இல்லியே."

அவ்வளவுதான் சொன்னாள், ஆனால் அது ஊர் முழுக்கச் சுற்றியது. அவரவர் தங்கள் நிப்பிடம் போய் மறுபடி தடவிப் பார்த்தார்கள். உண்மைதான், டீக்கடைக்காரர் டீக்கடைக்காரர் மாதிரி இல்லை, வாத்தியாரம்மா வாத்தியாரம்மா மாதிரி இல்லை. எல்லாரும் வாயை இறுக்கிக்கொண்டு, கையை அகட்டிக்கொண்டு, யாருக்கோ பயந்து நிற்கிறார்கள். நாளைக்கே நான் கண்ணை மூடினால் என் பிள்ளைகள் வந்து தொடும்போது இந்த முகமா கிடைக்க வேண்டும் என்று ஒவ்வொருத்தருக்கும் தோன்றிவிட்டது. ஆவணி பிறந்ததும் பத்திருபது பேர் திரண்டு குருபாதத்திடம் வந்தார்கள். கருவி இன்னும் அவரிடம்தான் இருந்தது, கார்த்திகைக்குள் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று கம்பெனி எழுதியிருந்தது.

"மறுபடி எடுத்துருங்க அண்ணாச்சி. இந்தத் தடவ சிரிச்சுக்கிட்டு நிக்கோம்" என்றார் டீக்கடைக்காரர். "கையையும் முன்னால நீட்டிக்கிடுதோம். யாராவது வந்து கெட்டிப்பிடிச்சா கைக்குள்ள வரணும்லா."

குருபாதம் உடனே ஒத்துக்கொண்டார். சொல்லப்போனால் அவர் அதற்காகத்தான் காத்திருந்த மாதிரி இருந்தது. ஒருத்திக்குச் செய்த தப்பை ஊருக்குச் செய்து தீர்த்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. காலையில் கிளம்பினால் இருட்டுகிறவரைக்கும் வீடுவீடாகப் போனார், பழைய நிப்பை அழித்தார், அதே இடத்தில் ஆளைப் புதிதாக நிறுத்தினார். சிரிங்க, சிரிங்க என்று கெஞ்சினார். சிரிப்பு ஆடாமல் இருக்க வேண்டுமே, அதற்காக ஒரு ஆளோடு அரைமணிநேரம் மல்லுக்கட்டினார், ஒருத்தரையும் ஒரு வார்த்தை அதட்டவில்லை. தலைக்குப் போட பூங்கனி இல்லை. கம்பெனி டப்பாவில் அனுப்பியிருந்த வெள்ளை ஸ்பிரேயை உஸ்ஸென்று அடித்தார், அது முடியில் மழுமழுவென்று படிந்தது. ஒன்று அழித்து ஒன்று, ஒன்று அழித்து ஒன்று என்று ஐப்பசி வருவதற்குள் ஊரே சிரித்துக்கொண்டு நின்றது.

செத்தவர்களையும் வெளியூர் போனவர்களையும் ஒன்றும் செய்ய முடியாது, அவர்கள் இருபத்தெட்டுப் பேர், பூங்கனியையும் சேர்த்து. உயிரோடு ஊரில் இருந்துகொண்டு பாக்கி நின்றது ஒரே ஆள், சொர்ணம். இன்றைக்குத் துணி ஊறுகிறது, நாளைக்கு ஆகட்டும், நாளைக்கு மகள் வருகிறாள், மறுநாள் பார்ப்போம் என்று ரெண்டு மாசமாக இழுத்துக்கொண்டே போனாள். கம்பெனிக்காரன் நாளைக் காலையில் வந்து கருவியை எடுத்துக்கொள்கிறேன் என்று போன் போட்டுவிட்டான். அன்றைக்குப் பிற்பகலில் குருபாதம் லேப்டாப்பையும் கருவியையும் எடுத்துக்கொண்டு வளவுக்கு வந்தார். சொர்ணத்தை முடித்துவிட்டு, கடைசியாகப் பூங்கனியையும் அழித்துவிடுவது என்று மனதில் முடிவு செய்திருந்தார். அந்த முகத்தோடு அவள் காலத்துக்கும் குழாயடியில் நிற்க வேண்டாம், யாரும் தொட்டுப் பார்த்துப் பேசாமல் போக வேண்டாம், இல்லாமலே போகட்டும் என்று.

"சொர்ணம், இன்னைக்கு விட்டா இல்ல. வா, வந்து நில்லு. பழச அழிச்சுருதேன்" என்றார். லேப்டாப்பைத் துவைக்கிற கல்லில் வைத்து அவள் பொம்மையை எடுத்து, அழிக்கிற இடத்தில் விரலைக் கொண்டுபோனார்.

அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவசரமாக லேப்டாப்பை மூடிக் கருவியோடு சேர்த்துத் துண்டில் சுற்றிக்கொண்டு ரெண்டு பேரும் சொர்ணத்தின் கூரைக்குக் கீழே ஒதுங்கினார்கள். குழாயடியில் தண்ணீர் விழ விழ நிப்பு ரெண்டும் தெரிய ஆரம்பித்தன. குருபாதம் பூங்கனியைப் பார்க்கத் திராணியில்லாமல் சொர்ணத்தின் நிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு ஏதோ உறுத்தியது. ரெண்டு மாசமாக அவர் எடுத்த புதுத் தலைகளில் மழை விழுந்தால் ஒரே தகடாக வழிந்து ஓடும். சொர்ணத்தின் தலையில் தண்ணீர் அப்படி ஓடவில்லை. முன்நெற்றியில் பிரிந்து, நாலு கோடாக, பக்கத்துப் பக்கத்தில் நாலு சின்ன வாய்க்காலாக, பிடரிவரைக்கும் போய்ச் சொட்டியது.

"அது என்ன?" என்று கேட்டார்.

சொர்ணம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன கேக்கிய அண்ணாச்சி. அவ வெரலுதான். பூங்கனி பவுடரு போட்டு இழுத்துவிட்ட வெரலு."

குருபாதம் மறுபடி அந்த நாலு கோட்டையும் பார்த்தார்.

"எல்லாத் தலையிலயும் இருந்துச்சே" என்றாள் சொர்ணம். "அவ போன பெறவு நாங்க பொம்பளைங்க தலைய வாரும்போது போயி அவியவிய நிப்பத் தொட்டுக்கிடுவோம். மாடத்தி மவன் தலையில இருக்கத அவ தெனமும் தொடுவா. ஊருக்கே தெரியும். ஒங்களுக்குத் தெரியாதுங்கதுதான் எங்களுக்குத் தெரியாது."

"பெறவு எதுக்கு எல்லாரும் அழிக்கச் சொன்னீங்க?"

"நாங்க கேட்டது சிரிச்ச மொகந்தான். நீங்க பழச அழிச்சப்போ, சரி, மனுசனுக்கு அத வச்சுக்கிட்டு இருக்க முடியல, மறக்கணும்னு நெனைக்காருன்னு நாங்க பேசாம இருந்துட்டோம். எனக்கு மட்டும் மனசு கேக்கல. அதான் நாளைக்கு நாளைக்குன்னு சொன்னேன்."

குருபாதம் கூரைக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். தொள்ளாயிரத்துச் சொச்சம் தலை. பஸ் ஸ்டாண்டில், பள்ளிக்கூட வாசலில், அரிசி மில்லில், உரக்கடையில், அவர் போகிற வருகிற வழியெல்லாம் அவள் கை இருந்திருக்கிறது, ஒரு தலையைக்கூட அவர் தொட்டுப் பார்க்கவில்லை, முகத்தைச் சரிசெய்கிறேன் என்று போய் ஒவ்வொன்றாக, தன் கையாலேயே, ரெண்டு மாசம் கண்ணும் கருத்துமாக அழித்திருக்கிறார். யாரும் சொல்லவில்லை என்று யார்மேலும் கோபப்படவும் முடியாது. பத்தொன்பது வருசம் ஆட்களைப் பார்த்துப் பார்த்துச் சம்பாதித்தவர் அவர், பார்க்கத் தெரியாத ஆள் என்று ஊருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவருக்கு அழுகைகூட உடனே வரவில்லை, வெட்கம்தான் முதலில் வந்தது.

பிறகு எழுந்து, "தொட்டுக்கிடட்டா?" என்று கேட்டார்.

"தொட்டுக்கோங்க" என்றாள் சொர்ணம்.

மழையிலேயே இறங்கிப் போனார். சொர்ணத்தின் நிப்புக்குப் பின்னால் நின்று, நாலு விரலையும் அந்த நாலு தடத்தில் வைத்தார். அவர் விரல் தடி, நுனி மட்டும்தான் பதிந்தது. நெற்றியிலிருந்து பிடரிவரைக்கும் மெதுவாக இழுத்தார், மறுபடி நெற்றிக்குப் போய் மறுபடி இழுத்தார். பக்கத்தில் மூன்றடியில் பூங்கனி நின்றாள். அவள் தலையையும் ஒரு கையால் தொட்டார். அங்கே தடம் ஒன்றும் இல்லை, அவசரத்தில் தட்டின உள்ளங்கையின் மேடும் பள்ளமும்தான் இருந்தது. கை இறங்கி முகத்துக்கு வந்தபோது புருவ மடிப்பு அப்படியே இருந்தது. அது அவர் கொடுத்த முகம், இனி அவர்தான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அழித்துவிட்டுத் தப்பித்துக்கொள்வது சரியில்லை என்று அவருக்குத் தோன்றியது. லேப்டாப் கூரைக்குக் கீழே மூடியபடியே கிடந்தது.

கையை எடுக்கும்போது சொர்ணத்தின் நிப்பின் வாய் தட்டுப்பட்டது. ஓரத்தில் ஒரு பக்கம் மேலே ஏறியிருந்தது. ஊரில் அத்தனை பேரையும் அதட்டி மூடவைத்த வாய்களில், அவருக்குத் தெரியாமல் தப்பித்த ஒரு சிரிப்பின் நுனி.

"சொர்ணம், ஒனக்கு அளவெடுத்த அன்னைக்கு அவ ஒன் காதுல என்னமோ சொன்னா. நான்கூடச் சத்தம் போட்டேன். என்ன சொன்னா?"

சொர்ணம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒங்களப் பத்தித்தான் அண்ணாச்சி. எக்கா, இந்த மனுசன் தாலி கெட்டும்போதும் இதத்தான் சொன்னாரு, ஆடாம நில்லுன்னாரு, அதுலருந்து அந்தச் சொல்லக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வந்துருது, அடக்க முடியலன்னு சொன்னா."

குருபாதத்துக்கு ஞாபகம் வந்தது. மேளச் சத்தத்தில், மாலைக்கு அடியில், கை நடுங்கி முடிச்சு விழாமல் போக, யாருக்கும் கேட்காமல் அவள் காதில் சொன்னார். ஆடினது அவள் இல்லை, அவர் கைதான். அன்றைக்கும் அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள், எதற்குச் சிரிக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை, பதினாறு வருசமாகக் கேட்கவில்லை. குழாயடியில் மூன்றாம் தடவை சிரித்தவளைத் திட்டி, அந்தச் சொல்லையே மறுபடி சொல்லி நிறுத்தினார்.

மழை வலுத்தது. சொர்ணம், "நனையாதீங்க அண்ணாச்சி, உள்ள வாங்க" என்றாள். அவர் போகவில்லை. பூங்கனியின் நிப்புக்கு எதிரே, அன்றைக்குக் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே இடத்தில் போய் நின்றார். தண்ணீர் அவள் தலையிலிருந்து இறங்கி முகத்தில் விழுந்து தோளில் ஓடியது, தோள் குலுங்கியது, வயிறு குலுங்கியது, எல்லாம் ஆடியது. குருபாதம் ஒன்றும் சொல்லாமல், அது முடிகிறவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.